ஒரு குடம் நீரின் ஏற்றம்

காலையில் குழாயைத் திறந்ததும் நீர் கொட்டுவதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. பெங்களூர் நகரத்து வீட்டுக்குக் காவிரி நீர் வருவதோ எளிதான காரியம் அன்று. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவு குழாயில் ஓடி, சுமார் 500 மீட்டர் உயரமும் அது ஏறியாக வேண்டும். தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்னும் மூன்று நிலையங்களின் ராட்சதப் பம்புகள் ஒன்றிடமிருந்து ஒன்றாக நீரை வாங்கி மேலே தள்ளுகின்றன. 1974-இல் நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டருடன் தொடங்கிய இத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024-இல் நிறைவேறியது.

இதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும்? நம் பௌதிகப் பாடமே விடை சொல்லும். 15 லிட்டர் குடத்தை 500 மீட்டர் உயர்த்த 73,500 ஜூல் வேண்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 75 பங்கு திறனுடன் உழைத்தால் 98,000 ஜூல். அதாவது, 40 வாட் பல்பு நாற்பது நிமிடம் எரியும் மின்சாரம், ஒரே குடத்துக்கு! குழாயின் உராய்வை நாம் இதில் சேர்க்கவேயில்லை.

இனி, அந்த 75 தேய்ந்து 70 ஆனால்? ஐந்துதானே என்று தோன்றும். 13.5 கோடி லிட்டருக்குக் கணக்கிட்டுப் பார்த்தோம். தினமும் 17,500 யூனிட் கூடுதலாகச் செலவாகிறது. விடையை நம்பாமல் இருமுறை போட்டுப் பார்த்தோம்!

திறன் குறைவது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பம்பினுள் சுழலும் சக்கரத்துக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே தேய்மான வளையம் ஒன்று உண்டு. நீரிலுள்ள மணல் அதை அராவ அராவ இடைவெளி பெருகி, மேலே போக வேண்டிய நீரில் ஒரு பகுதி உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. ஏற்றிய நீரையே மீண்டும் ஏற்றும் வீண்வேலை! ஆகவே நீரின் அளவு, அழுத்தம், மின்சாரம் மூன்றையும் அவ்வப்போது அளந்து, வளையத்தை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

நீர் குறைவாகத் தேவைப்படும்போது வால்வைப் பாதி மூடுவதும் நஷ்டமே. சமதளக் குழாயில் பம்பின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், மின்சாரம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். செங்குத்தான ஏற்றத்தில் இந்த உபாயம் அவ்வளவாகப் பலிக்காது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் நீர் மேலே ஏறவே ஏறாது. அங்கே ஒரு பம்பை நிறுத்திவிட்டு மற்றவற்றை முழு வேகத்தில் ஓட்டுவதே நல்லது.

மின்சாரம் திடீரென நின்றால் செலவைவிடப் பெரிய ஆபத்து. மேலேறிக்கொண்டிருந்த நீர் தயங்கித் திரும்பி மோதும். அந்த அழுத்த அலை இரும்புக் குழாயில் நொடிக்கு ஆயிரம் மீட்டர் அளவில் பாயும். குழாயே வெடிக்கக்கூடும். அதைத் தாங்கிக்கொள்ளக் காற்றடைத்த கலங்களை வைக்கிறார்கள். உபரிப் பம்பையும் சும்மா நிறுத்தி வைக்காமல் முறைபோட்டு ஓட்டவேண்டும். இல்லாவிட்டால் அவசரத்துக்கு அது கிளம்பாது.

விடுதிக் கிணற்று மோட்டார் ஒருநாள் ஓடியும் தொட்டி நிறையவில்லை. ஃபுட் வால்வில் சருகு சிக்கியிருந்தது. அன்று முதல் மோட்டார் போட்டதும் ஒருத்தி மாடிக்கு ஓடி, தொட்டியில் நீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து வருகிறாள்.