முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை

"சுளுக்கு இருக்கும், ஒரு கட்டு போட்டால் சரியாகிவிடும்"

சித்தூர், திருப்பதிப் பக்கம் மூட்டு என்று பேச்சு எடுத்தால் அடுத்து வருவது எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டுதான். சென்னையிலிருந்தும் நகரி வழியாக வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். விழுந்து கை உடைந்தவர் அங்கே போவது வேறு விஷயம். எங்கேயும் விழாமல், இடிபடாமல், இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கிய முப்பத்தைந்து வயதுப் பெண்ணையும் அதே இடத்துக்கு அனுப்புகிறார்களே, அது தவறு.

முடக்குவாதத்தில் (ருமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) எலும்பு முறிவதில்லை, எதுவும் பிசகுவதும் இல்லை. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உள்சவ்வையே பகை என்று எண்ணித் தாக்குகின்றன. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் அதை ஒட்டிய எலும்பையும் அரிக்கிறது. வாரக்கணக்கில் கட்டி அசையாமல் வைத்தால் மூட்டு இன்னும் இறுகும். அரிப்பும் நிற்காது.

அடையாளம் காலை நேரத்தில் தெரியும். எழுந்ததும் குக்கர் மூடியைத் திறக்க வராது, ஜாக்கெட் ஊக்கை மாட்ட வராது. அரை மணி, ஒரு மணி நேரம் போன பிறகுதான் விரல் இளகும். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் நடக்க நடக்க வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. அது வயதுக்காகக் காத்திருப்பதும் இல்லை. முப்பது, நாற்பதுகளிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

2006-ல் ஆந்திராவைச் சிக்குன்குனியா போட்டு வாட்டியது. அப்போதிருந்து எந்த மூட்டு வீக்கத்தையும் "அந்தக் காய்ச்சலோட மிச்சம்" என்று தள்ளிவிடும் பழக்கம் வந்துவிட்டது. சிக்குன்குனியா வலி மாதக்கணக்கில் நீடிப்பது உண்மைதான். அதனாலேயே, வீக்கம் ஆறு வாரம் தாண்டினால் இது எது என்று பிரித்துச் சொல்ல மூட்டுவாத மருத்துவர் வேண்டும்.

"ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அப்போ ஒன்றுமில்லை"

இல்லை. முடக்குவாதக்காரர்களில் பலருக்கு, முக்கியமாக ஆரம்பத்தில், இந்த ரத்தச் சோதனை நெகட்டிவ் என்றே வரும். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவ் வரும். லேப் காகிதத்தைவிட மருத்துவர் விரல் முட்டிகளை அழுத்திப் பார்ப்பது பெரிய சோதனை.

"வலிதானே, உயிருக்கு ஒன்றும் இல்லையே"

இருக்கிற நம்பிக்கைகளில் அதிகக் கேடு செய்வது இதுதான். இதற்குப் பதில் திருப்பதியிலேயே கிடைத்திருக்கிறது. தேவஸ்தான ஆதரவில் நடக்கும் ஸ்விம்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள் முடக்குவாத நோயாளிகளின் கழுத்து ரத்தக்குழாயை ஆராய்ந்து, 2014-ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில் வெளியிட்டார்கள். கழுத்தில் ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் உள்சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். வலிக்காது, ஊசி இல்லை. மாரடைப்புக்கு வழக்கமாகக் காரணம் சொல்லப்படும் மற்ற கோளாறுகள் உள்ளவர்களை விலக்கிவிட்டுத்தான் பார்த்தார்கள். அப்படியும் முடக்குவாதக்காரர்களின் குழாய்ச் சுவர், அதே வயது ஆரோக்கியமானவர்களுடையதைவிடத் தடித்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் உலகெங்கும் நடந்த பெரிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

காரணம் புரியாதது அல்ல. மூட்டில் அழற்சியைக் கிளப்பும் ரசாயனங்கள் மூட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதில்லை. ரத்தத்தில் கலந்து குழாயின் உள்தோலைப் புண்ணாக்குகின்றன. கொழுப்பு அங்கே சீக்கிரம் படிகிறது. ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டுதல், முடக்குவாதம் இருந்தால் மாரடைப்பு அபாயக் கணக்கை ஒன்றரையால் பெருக்கச் சொல்கிறது. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டு வலியை மட்டும் அடக்கி வருடங்களை ஓட்டுபவர், உள்ளே அழற்சியை எரியவிடுகிறார். அந்த மாத்திரையே இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தனிச் சுமை.

"இந்த வயசுப் பொண்ணுக்கு பிபியா? மெஷின் கோளாறு"

ரத்தக்குழாய் அழற்சியே முதல் நோயாக வருவதும் உண்டு. டகயாசு தமனி அழற்சி அப்படி ஒன்று. 1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ டகயாசு, 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரைக் குழாய்களில் கண்ட மாற்றத்தை விவரித்தார், அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. பெருந்தமனியும் அதன் கிளைகளும் வீங்கிச் சுருங்கும் நோய். தலை வாரக் கையைத் தூக்கினால் தோள் அசந்துபோகும். மணிக்கட்டில் நாடி கிடைக்காது. சிறுநீரகத் தமனி சுருங்கினால் இருபது வயதிலேயே பிபி எகிறும். ஒரு கையில் 90, மறு கையில் 150 என்று காட்டினால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு கையிலும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

டகயாசு நோய் காசநோயால் வருகிறது என்ற எண்ணம் நம் நாட்டில் வெகுகாலம் இருந்தது. உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஆனால் காசநோய் மருந்து இந்த அழற்சியை அடக்காது. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தச் சோதனை சரியாக இருந்தால் நோய் அடங்கிவிட்டது என்பதும் தவறு. இதற்காகவே இந்திய மருத்துவர்கள் சேர்ந்து ஐடாஸ் 2010 என்ற அளவுகோலை உருவாக்கினார்கள். கடந்த மூன்று மாதத்தில் புதிதாகத் தோன்றிய அறிகுறிகளையே அது எண்ணும். அதில் பங்கெடுத்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை சித்தூரிலிருந்து ஒரு பேருந்து தூரம்.

"மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்தாமே, வேண்டாம்"

முடக்குவாதத்துக்கு மருத்துவர் எழுதும் இந்த மருந்து புற்றுநோய்க்கும் தரப்படுகிறது, உண்மை. ஆனால் அளவு வேறு. மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஏழரை முதல் இருபத்தைந்து மில்லிகிராம் வரைதான். இந்த மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். 1988-ல் அமெரிக்கா முடக்குவாதத்துக்கு அனுமதி கொடுத்தது. இன்றும் முதலில் எழுதப்படும் மருந்து அதுவே. ரத்தச் சோதனையும் ஃபோலிக் அமிலமும் கூடவே வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஒரு தவறு உயிரை எடுக்கும்: வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போடுவது. மருந்துச் சீட்டில் எந்தக் கிழமை என்று தமிழிலோ தெலுங்கிலோ எழுதி வாங்குங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கிழமை தெரிந்திருக்கட்டும்.