வத்திராயிருப்பு கிருஷ்ணன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 வந்தால் பள்ளிகளில் சர் சி.வி. ராமன் படத்துக்கு மாலை விழும். ஒளி சிதறும்போது அதன் நிறம் மாறலாம் என்று காட்டிய ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் அவரோடு உழைத்த கே.எஸ். கிருஷ்ணனின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. சொல்பவர்களும் பெரும்பாலும் தவறாகவே சொல்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், வத்திராயிருப்பில், 1898 டிசம்பர் 4 அன்று பிறந்த ஒருவரைப் பற்றி நம் ஊரிலேயே இத்தனை பிழைகள் உலவுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்பிக்கை: அவர் ராமனுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்த உதவியாளர்.

புதிய ஒளிச்சிதறலைப் பற்றி ‘நேச்சர்’ இதழுக்குக் கல்கத்தாவிலிருந்து போன முதல் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் என இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கடிதத்தின் தேதி 1928 பிப்ரவரி 16. அதாவது, நாம் கொண்டாடும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே விஷயம் கைக்கு வந்துவிட்டது. நிறமாலைக் கருவியில் பார்த்து அது ஐயமின்றித் தெளிவான நாள்தான் 28.

அந்தச் சோதனை எளிமையானது. சூரிய ஒளியை நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் விட வேண்டும். சிதறி வரும் ஒளியின் பாதையில், அந்த நீல ஊதாவை முழுவதும் தடுத்துவிடும் மஞ்சள் பச்சை வடிகட்டியை வைக்க வேண்டும். ஒளியின் நிறம் மாறவில்லை என்றால் இருட்டுதான் தெரியும். ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒன்றிரண்டில் அல்ல, சோதித்த அறுபது திரவங்களிலும் தெரிந்தது. அந்த வெளிச்சத்தைத் திரவம் திரவமாகத் தேடிக் கண்கொண்டு பார்த்தவர் கிருஷ்ணன். அவரை உதவியாளர் என்பது அநியாயம்.

நம்பிக்கை: கிருஷ்ணனின் நோபல் பரிசை ராமன் தட்டிப் பறித்துக்கொண்டார்.

இதுவும் அநியாயமே. ஒளிச்சிதறல் ஆராய்ச்சியை 1921 முதல் திட்டமிட்டு நடத்தியவர் ராமன். அவர் குழுவில் இருந்த கே.ஆர். ராமநாதன் 1923-லேயே இதன் சாயலைக் கண்டிருந்தார். அதே குழுவின் எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் கண்டார். ராமன் தமது நோபல் உரையில் இவர்களின் வேலையையும் கிருஷ்ணனின் வேலையையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். கிருஷ்ணனுக்கும் பரிசில் பங்கு கிடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதற்காக ராமனைத் திருடர் ஆக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: ராமனைப் பிரிந்த பிறகு அவர் எதுவும் சாதிக்கவில்லை.

எனக்கு மிகவும் கோபமூட்டுவது இதுதான். 1928 இறுதியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். சத்யேந்திரநாத் போஸ் அங்கே பேராசிரியர். அங்கே கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட துறை படிகங்களின் காந்தத்தன்மை. ஒரு படிகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு காந்தத்தன்மை காட்டாது. அந்த வேறுபாடு மிக நுண்ணியது. அதை அளக்க அவர் சின்னஞ்சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெல்லத் திருகிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று புரண்டுவிடும். எந்தக் கோணத்தில் புரள்கிறது என்பதிலிருந்து வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். இந்த முறையை உலகம் எடுத்துக்கொண்டது. 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

நம்பிக்கை: டெல்லிக்குப் போய் வெறும் அதிகாரியாகிவிட்டார்.

1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர், 1961 ஜூனில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். 1950 ஜனவரி 21 அன்று சர்தார் படேல் அதைத் திறந்துவைத்தார். நாட்டின் அளவைகளுக்கு அதுவே ஆதாரம். சர்வதேச கிலோகிராமின் 57-ஆம் எண் பிரதி அங்கே இருக்கிறது. இந்திய நேரத்தைக் காப்பதும் அந்த ஆய்வகமே. வாக்குச்சாவடியில் நம் விரலில் வைக்கும் அழியாத மையின் செய்முறையும் அங்கிருந்து வந்ததுதான். 1948-ல் அமைந்த அணுசக்தி ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் விஞ்ஞானிகள் பாபா, பட்நாகரோடு கிருஷ்ணனும் ஒருவர்.

ஆசிரியர்களே, வரும் பிப்ரவரி 28 அன்று அந்த இரண்டு வடிகட்டிகளின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ராமன் படத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணனின் படத்தையும் வையுங்கள்.