காசிநாதன் ஊர் சொல்லும் தொழில் பாடம்

உங்கள் பூஜை அறையை ஒரு முறை பாருங்கள். விளக்கேற்றும் தீப்பெட்டி, சுவரில் சுவாமி படத்தோடு தொங்கும் காலண்டர், தீபாவளிக்கு வாங்கி வைக்கும் மத்தாப்பு... இவற்றில் ஏதாவது ஒன்றாவது சிவகாசியில் பிறந்ததாக இருக்கும்.

அந்த ஊர் பிறந்த கதையே ஒரு பாடம்தான். தென்காசியை ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன், காசியிலிருந்து சிவலிங்கம் கொண்டு வந்தான். வழியில் வில்வ மரங்கள் நிறைந்த இடத்தில் தங்கினான். மீண்டும் புறப்பட்டபோது, லிங்கத்தைச் சுமந்து வந்த பசு அசைய மறுத்துவிட்டது. 'இதுவே ஈசனின் திருவுளம்' என்று அங்கேயே பிரதிஷ்டை செய்தான் என்கிறது தல வரலாறு. அவர்தான் இன்று விசாலாட்சி அம்மனோடு அருளும் விஸ்வநாதர். மன்னன் நினைத்தது ஒன்று. இறைவன் நடத்தியது வேறொன்று!

நம் வாழ்விலும் படிப்பு ஒன்றாக, வேலை வேறொன்றாக அமைந்துவிடுகிறது. 'நமக்கு விதித்தது இவ்வளவுதானா?' என்று மனம் சோர்ந்து போகிறோம். பசு நின்ற இடத்தில் கோயில் எழுந்தது போல, நாம் நிற்கும் இடத்திலும் ஒன்றை எழுப்ப முடியாதா?

சிவகாசிக்காரர்கள் எழுப்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி அது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் பிழைப்புக்கு வழி தேடி கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தெரியாத ஊரில், தெரியாத தொழிலை மாணவர்களாக இருந்து கற்றார்கள். மறு வருடம் ஊர் திரும்பித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சகங்களும் வந்தன. இன்றும் ஆடிப்பெருக்கு நாளில் பூஜை போட்டு, அடுத்த வருட காலண்டர் மாதிரிகளை அங்கே வெளியிடுகிறார்கள்.

கற்றது இருவர், பிழைத்தது ஓர் ஊர். பணிவோடு கற்று, பலருக்கும் பயன்படச் செய்யும்போது தொழில் வழிபாடாகிறது.

ஆனால், வழிபாட்டுக்கு நியமம் உண்டு அல்லவா? அக்னி பகவான் விளக்கில் ஒளிர்வார். அலட்சியம் கண்டால் எரித்தும் விடுவார். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அதன் பிறகும் விபத்துகள் நின்றபாடில்லை. மருந்து அறையில் அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைப்பதும், உராய்வு கூடாத இடத்தில் அவசரம் காட்டுவதும் வெறும் விதிமீறல்கள் அல்ல. அக்னிக்குச் செய்யும் அபசாரம். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குச் சந்தனம் வைக்கிறோம். அந்தக் கருவியைப் பிடிக்கும் கைகளையும் காப்பதுதான் முழுமையான பூஜை.

இது பட்டாசு ஆலைக்கு மட்டுமா? வண்டி ஓட்டுபவர், மருந்து கொடுப்பவர், வீடு கட்டுபவர் என எல்லோருக்கும் பொருந்தும். நம் கவனக்குறைவு இன்னொரு வீட்டு விளக்கை அணைத்துவிடக் கூடாது.

சிவகாசிக்குப் போனால் விஸ்வநாதரிடம் உங்கள் தொழில் சிறக்க வேண்டிக்கொள்ளுங்கள். இன்று மாலை விளக்கேற்றும்போது, அந்தத் தீக்குச்சியைச் செய்த கைகளுக்காகவும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்!