விசைக்கு அடியில் ஒரு துகள்

நுழையும்முன்

விற்ற பொருளில் குறை இருப்பதை அறிந்த உற்பத்தியாளர், "இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று அறிவிப்பது உண்டு. அந்த அறிவிப்பை வாங்கியவர்கள் எவ்வாறு ஏற்கின்றனர்? உண்மையில் நடந்த இரு நிகழ்வுகளைக் கொண்டு இதனை அறிவோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியாகச் சித்தூருக்கு வருவோர் திருப்பெரும்புதூரைக் கடந்து வருவர். அங்கு 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை இயங்கியது. அக்காலத்தில் இந்தியர் பலருடைய முதல் கைப்பேசி நோக்கியாவே. 2007 ஆகஸ்ட் 14 அன்று அந்நிறுவனம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் செய்து கொடுத்த பிஎல்-5சி என்னும் மின்கலங்களில் சில, மின்னேற்றும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்பதே அச்செய்தி. உலகம் முழுவதும் அவ்வகை மின்கலங்கள் 4 கோடியே 60 லட்சம் இருந்தன. அவற்றை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் உறுதி கூறியது.

நம் நாட்டில் அச்செய்தி அச்சத்தை உண்டாக்கியது. சேவை மையங்களில் மக்கள் கூடினர். உண்மையில் எல்லா மின்கலங்களும் குறையுடையவை அல்ல. மின்கலத்தைக் கழற்றி, அதன் பின்புறம் அச்சிடப்பட்டிருந்த 26 எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீட்டைப் பார்த்தால் போதும். மாற்ற வேண்டுமா, வேண்டாவா என்பது தெரிந்துவிடும். மாற்றிக் கொடுத்த மின்கலத்தில் அக்குறை இல்லை. ஆதலால் அச்சமும் மெல்ல அடங்கியது.

எல்லா நிகழ்வுகளும் இவ்வாறு எளிதில் முடிவதில்லை.

ஆப்பிள் நிறுவனம் 2015ஆம் ஆண்டு 12 அங்குலத் திரையுடைய மெல்லிய மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. கணினியை மெல்லியதாக்க வேண்டுமாயின் விசைப்பலகையும் மெல்லியதாக வேண்டும் அல்லவா? அதற்காக விசைகளுக்கு அடியில் இருந்த கத்தரிக்கோல் வடிவத் தாங்கியை நீக்கிவிட்டு, வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரியும் தாங்கியைப் பொருத்தினர். அடுத்த ஆண்டு வந்த மேக்புக் புரோ கணினிகளிலும் அதுவே இடம்பெற்றது. பார்ப்பதற்கு அழகிய அமைப்பு அது. ஆனால் விசைக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையே இருந்த இடைவெளி மிகச் சிறியது. அதில் ஒரு தூசு புகுந்தாலும் விசை சிக்கிக்கொள்ளும். முறுக்கைக் கொறித்துக்கொண்டே தட்டச்சு செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த முறுக்குத் துகள் ஒன்றே போதும்! ஒருமுறை அழுத்தினால் எழுத்து இருமுறை விழும். அல்லது விழவே விழாது.

விசைப்பலகையை மட்டும் தனியே கழற்றிச் சரிசெய்யவும் வழி இல்லை. அது கணினியின் மேற்கூட்டோடு இணைக்கப்பட்டிருந்தது. ஒரு விசைக்காக மேற்பாதி முழுவதையும் மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்தவர்கள் அதற்குப் பல நூறு டாலர் செலவிட்டனர். முறையீடுகள் பெருகின. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு விண்ணப்பம் அனுப்பினர். சிலர் நீதிமன்றம் சென்றனர்.

2018 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் விசைப்பலகைப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. கணினி முதன்முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்து தரப்படும். முன்பே பணம் செலுத்தியவர்கள் அதனைத் திரும்பப் பெறலாம் என்றது அறிவிப்பு. "சிறு விழுக்காட்டு விசைப்பலகைகளில்தான் இக்குறை" என்றும் அது கூறியது.

பணம் திரும்பக் கிடைத்தவர்களுக்கு மகிழ்ச்சி. "சிறு விழுக்காடு" என்ற சொற்களோ பலருக்குச் சினத்தை உண்டாக்கின. கணினியைச் சில நாள்கள் விட்டுப் பிரிய வேண்டியிருந்ததால் எழுத்தாளரும் மாணவரும் இடர்ப்பட்டனர். எல்லாவற்றினும் பெரிய மனக்குறை வேறொன்று. பழுதான விசைப்பலகைக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டதும் அதே வண்ணத்துப்பூச்சி அமைப்பே. ஆகவே சில மாதங்களில் சிலருக்கு அதே பழுது மீண்டும் வந்தது. நோக்கியா மின்கலத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம்: அங்கே குறை நீங்கியது, இங்கே பழுது மட்டும் நீங்கியது.

இக்குறையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் ஜோனா ஸ்டெர்ன் என்னும் இதழாளர். அவர் 2019 மார்ச் மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கணினியில் இரண்டு ஆங்கில எழுத்துகளின் விசைகள் ஒழுங்காக இயங்கவில்லை. அவ்வெழுத்துகள் விடுபட்டபடியே கட்டுரை வெளிவந்தது. தமிழில் ரகர வரிசை விடுபட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திருப்பதி 'திப்பதி' ஆகும். சித்தூர் 'சித்தூ' ஆகும். நீண்ட முறையீட்டைவிட அந்தக் குறும்பு வலிமையாகப் பேசியது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

2019 மே மாதம் இத்திட்டம் வண்ணத்துப்பூச்சி விசைப்பலகையுடைய எல்லாக் கணினிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அப்போது புதிதாக வந்த கணினிகள், விற்பனைக்கு வரும்போதே பழுதுநீக்கப் பட்டியலிலும் இடம்பெற்றன. இஃது ஒரு விந்தையே! அவ்வாண்டு நவம்பரில் வெளியான 16 அங்குலக் கணினியில் பழைய கத்தரிக்கோல் அமைப்பு திரும்பி வந்தது. வழக்கோ 2022 ஜூலையில் சமரசத்துக்கு வந்தது. தவற்றை ஒப்புக்கொள்ளாமலே ஆப்பிள் 5 கோடி டாலர் வழங்க இசைந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை மேற்கூட்டை மாற்றியவர்களுக்கு ஆளுக்கு 395 டாலர் வரை கிடைத்தது. ஆனால் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் உறவினரை உடைய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அமெரிக்காவில் உள்ள மாமா வாங்கித் தந்த கணினி, திருப்பதியில் பழுதானால் என்ன செய்வது? வாங்கிய நாட்டில் மட்டுமே சரிசெய்து தருவதாக வரையறுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நிறுவனம் தன் அறிவிப்பில் எழுதியிருந்தது. சிறிய எழுத்தில் உள்ளதையும் படித்துவிடுவது நல்லது.

இந்தியாவில் வாங்கிய பொருளாயின் நம் நிலை சற்று மேலானது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையிடுபவர் தாம் வாழும் ஊரிலேயே வழக்கிட இடம் தருகிறது. சென்னையில் வாங்கிய மடிக்கணினிக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நுகர்வோர் ஆணையங்களை நாடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். குறையை நீக்கவும், குறையற்ற புதிய பொருளைத் தரவும், விலையைத் திருப்பித் தரவும் ஆணையிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதற்குமுன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். எங்கே முறையிட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

சொல்லும் பொருளும்

விசை – எழுத்தைப் பதிக்க அழுத்தும் பொத்தான்
மின்கலம் – பேட்டரி
உத்தரவாதம் – குறிப்பிட்ட காலம் வரை பழுதைச் சரிசெய்து தருவதாக அளிக்கும் உறுதி
நுகர்வோர் – பொருளை வாங்கிப் பயன்படுத்துவோர்
இசைந்தது – உடன்பட்டது

பயிற்சி

1. நோக்கியா மின்கலம் குறையுடையதா என்பதை மக்கள் எவ்வாறு அறிந்தனர்?
2. "அங்கே குறை நீங்கியது, இங்கே பழுது மட்டும் நீங்கியது" – விளக்குக.
3. 'சிறு விழுக்காடு' என்ற சொற்கள் வாடிக்கையாளருக்குச் சினத்தை உண்டாக்கியது ஏன்? உம் கருத்தை எழுதுக.
4. உம் வீட்டில் உள்ள ஒரு மின்பொருளின் ரசீதைப் பெற்றோரிடம் கேட்டுப் பார்க்க. வாங்கிய நாள், வரிசை எண், உத்தரவாதக் காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. அப்பொருள் இருமுறை சரிசெய்த பின்னும் பழுதானதாகக் கருதி, நிறுவனத்தின் சேவை மேலாளருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக. ஒவ்வொரு முறையும் நிகழ்ந்த பழுதை நாளோடு குறிப்பிடுக.