ஸ்கேனுக்குப் பின் வாயில் உலோகச் சுவை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது, மருந்து ஏறிய சில நொடிகளில் பலருக்குத் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும். வாயில் இரும்பைக் கடித்ததுபோல ஒரு சுவை வரும். சிறுநீர் தானாகப் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். ஓரிரு நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும்.

நாக்கில் தெரிவது கதிர்வீச்சின் சுவை என்று நம்புவோர் உண்டு. 1986-ல் செர்னோபில் அணுஉலை விபத்தின்போது அங்கு பணியாற்றியவர்களில் சிலர் உலோகச் சுவையை உணர்ந்ததாகச் சொன்னது உண்மைதான். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருக்கும் சுவை மாறுகிறது. ஆனால் அங்கே பல வாரங்களில் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வரை செலுத்துகிறார்கள். ஒரு சி.டி. ஸ்கேனில் உறுப்புகள் பெறுவதோ ஒரு கிரேயில் நூறில் சில பங்குதான். மேலும், கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ.யிலும் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி போட்டால் சிலருக்கு இதே சுவை வருகிறது.

சுவையை நாக்குக்குக் கொண்டுசேர்ப்பது இரத்தம். முன்பு இதையே மருத்துவர்கள் ஒரு சோதனையாக வைத்திருந்தார்கள். கைச் சிரையில் சாக்கரினைச் செலுத்திவிட்டு, நோயாளி “இனிக்கிறது” என்று சொல்லும்வரை கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணுவார்கள். இதயம் நன்றாக இயங்கினால் 9 முதல் 16 நொடிகளில் இனிப்பு தெரியும். பலவீனமான இதயம் என்றால் நேரம் நீளும். வாயில் எதையும் வைக்காமலே சுவை தெரியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சி.டி. கான்ட்ராஸ்டும் அதே வழியில்தான் போகிறது. அடர்த்தி மிகுந்த அந்த அயோடின் மருந்தைப் பொதுவாக 80, 100 மி.லி. அளவில், நொடிக்கு 3 அல்லது 4 மி.லி. வேகத்தில் இயந்திரம் செலுத்துகிறது. இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு தெரிகிறது.

இந்தச் சுவை ஒவ்வாமையின் தொடக்கம் என்பதும், மீனும் இறாலும் ஒத்துக்கொள்ளாதவர்கள் அயோடின் ஊசி போடக்கூடாது என்பதும் பிடிவாதமான நம்பிக்கைகள். இறால், நண்டு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் ட்ரோபோமயோசின் என்ற புரதம்; அயோடின் அல்ல. இந்த ஒரு பயத்தால் அவசியமான ஸ்கேனைத் தள்ளிப்போடுவது வேதனைக்குரியது, நோய் அதற்காகக் காத்திருக்காது.

மருந்தை “இறக்க” நிறைய இளநீர் குடிக்க வேண்டும் என்பார்கள். சிறுநீரகம் சீராக இருந்தால் ஏறக்குறைய முழுவதும் 24 மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறிவிடும். வழக்கமான தண்ணீரே போதும். சிறுநீரக நோயாளிகளுக்கோ பொட்டாசியம் மிகுந்த இளநீர் ஆபத்தாகலாம்.

ஊசியே போடாமலும் சுவை வரலாம். ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படும் 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலத்தில் தலையை அசைக்கும்போது சிலர் உலோகச் சுவையை உணர்கிறார்கள்.

உடலில் தடிப்பு, முகவீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத்திணறல் ஆகியவைதான் உண்மையான ஒவ்வாமையின் அடையாளங்கள். கடுமையானவை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வெளிப்படும். ஊசிக்குப் பின் சற்று நேரம் உட்காரவைப்பது அதற்காகவே. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அருகிலுள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகும்போதும், ஊசி போடும் முன்பே அதைத் தெரிவியுங்கள்.