கடல் கடந்து கடை வைக்குமுன்: தற்காலிகக் குடியிருப்பு அனுமதி பற்றி ஒரு பாடம்



நம் கரிசல் வட்டாரத்துப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போவது புதிய செய்தி அல்ல. இப்போது கரீபியன் கடலில் உள்ள தீவுகளின் பெயரும் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. "அங்கே ஒரு பெரிய கடையில் ஆள் கேட்கிறார்களாம், பையனை அனுப்பலாமா?" என்றும், "பங்கு சேர்ந்து சிறிய கடை ஒன்று பிடிக்கலாமா?" என்றும் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்காக ஒரே ஒரு நாட்டை, டொமினிக்கன் குடியரசை, எடுத்துக்கொண்டு இந்தப் பாடத்தை எழுதுகிறோம். நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் நாம் இங்கிருந்து தயார் செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டொமினிக்கா என்பது வேறு, டொமினிக்கன் குடியரசு என்பது வேறு. டொமினிக்கா ஆங்கிலம் பேசும் ஒரு சிறு தீவு, தலைநகர் ரோசோ. முதலீடு செய்தால் குடியுரிமையே தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நாடுகளில் அதுவும் ஒன்று. டொமினிக்கன் குடியரசு ஸ்பானிய மொழி பேசும் நாடு. ஹைத்தியோடு ஒரே தீவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. தலைநகர் சாந்தோ தொமிங்கோ. ஏஜெண்டு கொடுக்கும் தாளில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு நாட்டின் சலுகையைச் சொல்லி மற்ற நாட்டுக்குப் பணம் கட்ட வைப்பது கடினமான காரியம் அல்ல. குடியுரிமை என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். தற்காலிகக் குடியிருப்பு அனுமதிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதை வாங்கியவர் இந்தியராகவே இருக்கிறார்.

கொழும்புக் கடைகளும் டி.ஆர்.பி.யும்

தற்காலிகக் குடியிருப்பு அனுமதி என்பது நம் பகுதி வணிகர்களுக்குப் புதிய சொல் அல்ல. பெரியவர்களைக் கேட்டால் "டி.ஆர்.பி." என்று சொல்வார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் அரிசி, வத்தல், ஜவுளி என்று பல கடைகளை நடத்தியவர்கள் தமிழ்நாட்டின் தென்மாவட்டத்தார். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலாளி ஊருக்குக் கடிதம் எழுதுவார். ஒரு பையன் தூத்துக்குடியில் கப்பல் ஏறியோ, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சென்றோ வந்து சேர்வான். கடையிலேயே தங்கி, கடையிலேயே சாப்பிட்டு, சிட்டை எழுதப் பழகிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வந்து போவான். இந்தப் போக்குவரத்தை யாரும் வெளிநாட்டுப் பயணம் என்று நினைக்கவில்லை.

1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும், குடிவரவு குடியகல்வுச் சட்டமும் வந்தன. 1949 நவம்பர் முதல், குடியுரிமை இல்லாதவர் அங்கே இருப்பதற்கு விசாவோ தற்காலிகக் குடியிருப்பு அனுமதியோ வேண்டும் என்றாயிற்று. கடை முதலாளியும் கணக்குப்பிள்ளையும் கடைப்பையனும் ஒரே நாளில் "தேதி முடியும் ஆட்கள்" ஆனார்கள். பிறகு வேலைகளை இலங்கையருக்கே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை வலுத்தது. புதிய ஆளை ஊரிலிருந்து வரவழைப்பது அரிதாயிற்று. பழைய ஆளின் அனுமதியைப் புதுப்பிப்பதும் கடினமாயிற்று. ஊருக்குப் பணம் அனுப்பவும் கட்டுப்பாடு வந்தது. சரக்கும் இருந்தது, வாடிக்கையும் இருந்தது, கடையில் நிற்க ஆள் இல்லை. நல்ல கடைகள் சில அப்படித்தான் கைமாறின.

1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இதைவிடப் பெரிய கதை. 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். வணிகர்களின் டி.ஆர்.பி. தொல்லையோ அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

இந்தப் பழங்கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. டொமினிக்கன் குடியரசின் 1992ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு நிறுவனத்தின் ஊழியர்களில் குறைந்தது 80 விழுக்காடு அந்நாட்டினராக இருக்க வேண்டும் என்கிறது. இருபது பேர் வேலை செய்யும் கடையில் பதினாறு பேர் உள்ளூர் ஆட்கள். மைத்துனன், மருமகன், பக்கத்து வீட்டுப் பையன் என்று நம் ஊரையே கொண்டுபோய் நிறுத்தும் கொழும்புப் பாணிக்கு அங்கே தொடக்கத்திலேயே இடம் இல்லை. பங்குதாரர்கள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான். மூலதனம் பற்றிய பேச்சு அதற்கு அடுத்தது.

அந்நாட்டின் மளிகைக் கடைக்குக் "கொல்மாதோ" என்று பெயர். தெருவுக்குத் தெரு இருக்கும். அரிசி, பயறு, எண்ணெய் ஆகியவற்றைச் சிறு அளவில் பிரித்து விற்பார்கள். தெரிந்த வீட்டுக்குக் கடன் உண்டு, நோட்டில் எழுதிவைத்துக்கொள்வார்கள். மோட்டார் சைக்கிளில் பையன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பான். கேட்கும்போது நம் தெருக்கடை போலவே இருக்கிறது. ஆனால் கடன் நோட்டு நடத்துவதற்கு மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும், மொழி தெரிந்திருக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் நூறு வரை எண்ணக்கூடத் தெரியாத ஒருவர் அந்தக் கல்லாவில் உட்கார முடியாது.

விசா வேறு, குடியிருப்பு வேறு

ஜமைக்கா, பார்படாஸ் போன்ற சில தீவுகளுக்குச் சுற்றுலாவாகப் போக இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டியதில்லை. இதை வைத்துத்தான் பலர் ஏமாற்றப்படுகிறார்கள். "விசாவே வேண்டாம், போய் இறங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். 2024 மே மாதத்தில் துபாயிலிருந்து தனி விமானத்தில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் போய் இறங்கிய 250க்கும் மேற்பட்ட பயணிகளை அந்நாட்டு அதிகாரிகள் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். விசா தேவையில்லை என்பதற்கு, கேள்வி கேட்க மாட்டார்கள் என்று பொருள் இல்லை.

டொமினிக்கன் குடியரசில் முறை இப்படி. தங்கி வேலை செய்யவோ தொழில் செய்யவோ விரும்புபவர், புறப்படுமுன்பே புதுதில்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்தில் குடியிருப்பு விசாவுக்கு மனுச் செய்ய வேண்டும். சுற்றுலா அனுமதியில் போய் இறங்கி, அதை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு கிளம்பக் கூடாது. குடியிருப்பு விசாவும் உள்ளே நுழைவதற்கான சீட்டு மட்டுமே. அங்கே போய்ச் சேர்ந்ததும் பொதுவாக 60 நாள் கெடுவுக்குள் குடிவரவு இயக்குநரகத்தில் மனுக் கொடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டு, அதன் பிறகே தற்காலிகக் குடியிருப்பு அட்டை வாங்க வேண்டும். முதல் அட்டை ஓராண்டுக்கு. தேதி முடியுமுன் புதுப்பித்துக்கொண்டே வந்து, ஐந்து ஆண்டுகள் ஆன பின் நிரந்தரக் குடியிருப்புக்கு மனுச் செய்யலாம். 2004ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வகுத்த பாதை இது.

பணம் உள்ளவர்களுக்கு வேறு வாசலும் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி 2,00,000 டாலர் முதலீடு செய்பவருக்கு நிரந்தரக் குடியிருப்பு விரைவில் கிடைக்கும். நம் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நம்மில் எத்தனை பேருக்கு ஆகும் காரியம் என்று யோசித்தால், இந்தப் பத்தியை இதோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

பெயரும் இன்ஷியலும்

தூதரகம் கேட்கும் முக்கியமான காகிதங்கள்: கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, திருமணமானவருக்குத் திருமணச் சான்று, காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று, வருமானத்துக்கோ வேலைக்கோ ஆதாரம். இவற்றில் மனு தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் பெயர்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். சுப்பையா மகன் முருகன். பள்ளிச் சான்றில் "சு. முருகன்". ஆதாரில் இன்ஷியல் பின்னால் போய் "முருகன் சு". கடவுச்சீட்டில் முருகன் என்பது பெயர், சுப்பையா என்பது குடும்பப் பெயர். பிறப்புப் பதிவில் பெயரே இல்லை, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறது. தந்தையின் பெயரோடு பழைய வழக்கப்படி சாதிப் பெயர் ஒட்டியிருக்கிறது. தாயார் ஒரு காகிதத்தில் மாரியம்மாள், இன்னொன்றில் மாரி. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். ஸ்பானியம் பேசும் நாட்டு அதிகாரிக்கு இவர்கள் நான்கைந்து பேர். அவர்கள் வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள்: தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. படிவத்திலும் இரண்டுக்கும் இடம் இருக்கும். ஓர் எழுத்தை இன்ஷியலாக எழுதினால் அது எதன் சுருக்கம் என்று கேட்பார்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். பிறந்தபோது தகப்பனார் இன்ஷியல்; கல்யாணத்துக்குப் பின் கணவர் இன்ஷியல். பிறப்புச் சான்றில் இருப்பவரும் கடவுச்சீட்டில் இருப்பவரும் ஒருவரே என்று இணைத்துக்காட்ட, பதிவு செய்யப்பட்ட திருமணச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். ஆனாலும் பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்தவர்களே சார்பதிவாளர் அலுவலகப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஆகவே வெளிநாட்டு எண்ணம் வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை, பிறப்புச் சான்றின் புதிய பிரதியை எடுத்துப் பார்ப்பதுதான். நகரத்தில் பிறந்தவருக்கு நகராட்சியில் கிடைக்கும். பெயர் இல்லாவிட்டால் சேர்க்க மனுக் கொடுங்கள். பிறப்பே பதிவாகாமல் ஓராண்டு கடந்திருந்தால் அதிகாரம் பெற்ற நடுவரின் உத்தரவு வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையில் இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகம் கோவில்பட்டியிலேயே உள்ளது. பெயரையே மாற்ற வேண்டியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டுக்கொள்ளலாம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது நம் ஆட்கள் பட்ட அவதி நினைவிருக்கும்.

முத்திரையும் ஏஜெண்டும்

காகிதம் சரியான பின் அதற்கு "அப்போஸ்டில்" என்ற முத்திரை வேண்டும். ஒரு நாட்டின் சான்றை மற்ற நாடு நம்புவதற்கான ஏற்பாடு இது. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இலும் டொமினிக்கன் குடியரசு 2009இலும் சேர்ந்தன. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு புதுதில்லி வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அமைச்சகத்தின் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய்தான். மனுவை வாங்கி அனுப்பும் நிறுவனத்துக்குச் சிறிய சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் பில் போடுபவரிடம் மீதி எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கடை அனுபவக் கடிதம், கொள்முதல் ஒப்பந்தம் போன்ற வணிகக் காகிதங்களுக்கு முதல் சான்றொப்பம் தருவது வர்த்தக சபை. சங்கத்தில் சந்தா கட்டிவருவதால் ஒரு பயன் இது!

காவல்துறை நற்சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவை வழியாக 500 ரூபாய் கட்டி மனுச் செய்ய வேண்டும். நம் பகுதி மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலியிலும் சேவை மையம் உண்டு. இதை முதலில் எடுத்து வைத்துவிடாதீர்கள். சமீபத்தில் எடுத்ததையே கேட்பார்கள் என்பதால், மற்றவை தயாரான பிறகு எடுப்பதே சிக்கனம். ஸ்பானிய மொழிபெயர்ப்பு தூதரகம் ஏற்பவரிடம் செய்ததாக இருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாத பையனை அனுப்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவனுடைய கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி வேலை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி தருவார். அந்தப் பட்டியலில் கரீபியன் நாடு எதுவும் இல்லை. ஏஜெண்டு இதை வசதி என்று சொல்வார். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, திரும்பி வர டிக்கெட் யார் செலவு என்பதை நம் அரசாங்கத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதே அதன் பொருள். ஒப்பந்தத்தை நீங்கள்தான் படிக்க வேண்டும், அதுவும் தமிழிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து வாங்கி. ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

போகிறவர் இங்கே கடையில் பங்குதாரராக இருந்தால் ஆடிட்டரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். வெளிநாட்டில் குடியிருப்பவர் ஆனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். காசோலையில் கையெழுத்துப் போடும் ஆள் ஊரில் இல்லாமல் மண்டிக்காரருக்குப் பணம் நின்றுபோனால், பல ஆண்டு நாணயம் ஒரு வாரத்தில் கெடும். பவர் பத்திரத்தைப் புறப்படுமுன் இங்கேயே பதிவு செய்துவிடுவது எளிது. சாந்தோ தொமிங்கோவில் இந்தியத் தூதரகம் இப்போது உண்டு. வெளியுறவு அமைச்சர் 2023 ஏப்ரலில் அதைத் திறந்து வைத்தார். ஆனாலும் அங்கிருந்து பத்திரம் எழுதி அனுப்புவது காலமும் செலவும் பிடிக்கும் வேலை.

காகிதங்கள் அனைத்துக்கும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். அட்டை முடியும் தேதியைப் போனவர் மட்டும் அல்லாமல் வீட்டில் இருப்பவரும் காலண்டரில் குறித்துக்கொள்ளட்டும். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள மறுவாழ்வு மற்றும் வெளிநாடு வாழ் தமிழர் நல ஆணையரகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.