ஓரத்தில் தொடங்கும் போர்வை

கேள்வி: பழைய சேலைகளை அடுக்கிக் கையாலேயே ஒட்டுப்போர்வை தைத்திருக்கிறேன். ஓரம் மட்டும் பிசிறு பிசிறாக நிற்கிறது. எப்படி முடிப்பது?

பதில்: போர்வை முதலில் நைவது ஓரத்தில்தான். அதனால் ஓரப்பட்டி இரட்டைத் துணியாக இருப்பதே நல்லது. இரண்டரை அங்குல அகலப் பட்டியை நீளவாக்கில் மடித்துத் தேய்த்து, அதன் பிசிறு விளிம்பைப் போர்வையின் முன்பக்க ஓரத்தோடு சேர்த்து, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, மறுபடி கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை கூர்மையாக விழும். பிறகு பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். சாய்வாக வெட்டிய பட்டி (கிராஸ் பீஸ்) வளைந்த ஓரத்துக்குத்தான் தேவை.

தனிப்பட்டியே இல்லாத அழகான முறையும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் 'கவந்தி' போர்வையை ஓரத்திலேயே தொடங்குகிறார்கள். அடித்துணியான பழைய சேலையின் விளிம்பையும் ஒட்டுத்துணியின் விளிம்பையும் உள்ளே மடித்து, ஓட்டுத்தையல் போட்டபடி நடுப்பகுதியை நோக்கிச் சுற்றிவருவார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணித்துண்டான 'பூலா' வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முழுமை.

பட்டி வைக்கும் போர்வையிலும் மூலைக்கு ஒரு முக்கோணத்தைப் பட்டிக்கு அடியில் செருகித் தைக்கலாம்.